குஞ்சோடு நிற்கும் மீன்

பெங்களூரில் மீன்பிடிப்பவர்களுக்கு ஆண்டு சிவராத்திரியில் தொடங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் இது. மார்கழி, தை மாதங்களில் ராத்திரிப் பனியில் ஏரித் தண்ணீர் சில்லிட்டுப்போகும். மீன் ஆழத்தை விட்டு வராது. இரையைக் கண்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சிவராத்திரிக்குக் குளிர் ‘சிவ சிவா’ என்று ஓடிவிடும் என்று இந்த ஊரில் கன்னடக்காரரும் சொல்வார், தமிழரும் சொல்வார். மீனுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். பிப்ரவரி கடைசியில் கரையோரத் தண்ணீர் சூடேறியதும் ஜிலேபி மீன் மேட்டுக்கு வந்து குழி பறிக்கும். சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்ததும் விரால் ஜோடி சேரும். அதிலிருந்து ஆடி, ஆவணி வரைக்கும் ஏரியில் ஏதோ ஒரு மீன் முட்டையிட்டபடியோ குஞ்சு காத்தபடியோ இருக்கும். மீன் சுலபமாக அகப்படும் காலம் அதுதான். மீனைத் தொடக் கூடாத காலமும் அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவரையே நான் மீன்காரர் என்று சொல்வேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அம்மா. கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. 1950களின் இறுதியில், காமராஜர் ஆட்சியில், தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய அணை அது. அணைக்கும் அம்மாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அங்கே ஆண்கள் பரிசலில் போய் வலை விடுவார்கள், பெண்கள் கரையில் நின்று தூண்டில் போடுவார்கள். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தபோது அப்பா கொத்தனார் வேலை பார்த்த விமானபுரத்தில் அம்மாவுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. யமலூர்ப் பக்கம் நடந்துபோனால் பெல்லந்தூர் ஏரி இருந்தது. ஊரிலிருந்து வரும் யாரிடமோ சொல்லி ஒரு மூங்கில் கழி வரவழைத்துக்கொண்டாள். மத்தியானம் வரைக்கும் பிடித்ததைச் சாயங்காலத்துக்குள் வரிசை வீடுகளில் விற்றுவிடுவாள். எண்பதுகளில் எங்கள் வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் அந்தத் தூண்டிலிலிருந்துதான் வந்தது.

பெல்லந்தூரில் கோடி போகும் தண்ணீர் வர்த்தூருக்குப் போகிறது. வர்த்தூர் நிரம்பி வழிந்தால் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணை வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்குப் போய்ச் சேருகிறது. இதை யாரோ சொல்லிக் கேட்ட நாளிலிருந்து அம்மா அந்த ஏரியை அந்நியமாக நினைத்ததே இல்லை. “நம்ம ஊருக்குப் போற தண்ணிடா இது, அசிங்கம் பண்ணாத” என்று கரையில் குளிக்க வரும் பிள்ளைகளை விரட்டுவாள்.

நான் முதலில் பிடிக்கக் கற்றது ஜிலேபி. நம்முடைய மீன் அல்ல, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், எதைப் போட்டாலும் தின்னும், ஏழைக்கு மலிவான மீனாகும் என்பது எண்ணம். அது இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, மறுபடி மறுபடி குஞ்சு பொரித்து, ஏரியெல்லாம் விரலளவு மீனாகவே நிரப்பிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. 1959இலேயே இதைப் பரப்ப வேண்டாம் என்று தடை போட்டார்கள். அதற்குள் அது பரவிவிட்டது.

ஆண் ஜிலேபிதான் குழி பறிக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில், சேறு கெட்டிப்பட்ட இடமாகப் பார்த்து, வாயால் மண்ணை அள்ளி அள்ளி வெளியே துப்பி, ஒரு முழ அகலத்துக்கு வட்டமாகக் குழி எடுக்கும். வெயில் ஏறிய நேரத்தில் கரைமேட்டில் நின்று பார்த்தால் இப்படி வரிசையாகக் குழிகள் தெரியும். அந்த நாளில் ஆணின் உடம்பு கறுத்துவிடும், துடுப்பு ஓரங்கள் சிவக்கும், தாடை வெளுக்கும். குழிக்குள் வேறு எது வந்தாலும் முட்டித் தள்ளும்.

இந்த மீனுக்குத் தூண்டில் போடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பசியோடு இருக்கும் மீன் புழுவை விழுங்கிக்கொண்டு ஓடும், தக்கை முங்கும். குழியில் நிற்கும் ஆண் அப்படிச் செய்யாது. அதற்குப் புழு இரையில்லை, குழியில் விழுந்த குப்பை. உதட்டால் கவ்வி, வெளியே கொண்டுபோய்த் துப்பிவிட்டுத் திரும்பும். அப்போது தக்கை முங்காது. ஒரு பக்கமாகச் சாயும், இல்லை மேலேயே படுத்துக்கொண்டு மெல்ல நகரும். அந்த நகர்வில் சுண்ட வேண்டும். முங்கட்டும் என்று காத்திருந்தால் மீன் எப்போதோ துப்பியிருக்கும். அம்மா சோளத்தட்டையின் உள்நெட்டியை விரலளவு நறுக்கித் தக்கையாகக் கட்டுவாள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் தக்கையைவிட அது லேசு. மீன் உதட்டால் தொட்டாலே காட்டிக்கொடுக்கும். ஈயமும் அரிசியளவுதான் வைப்பாள். கனமாக இருந்தால் மீன் கவ்வியவுடனே விட்டுவிடும். கரையோரம் நிழல் விழாமல், சூரியனுக்கு எதிர்முகமாக நிற்க வேண்டும். பேசலாம், காலை மட்டும் தரையில் அழுத்தி வைக்கக் கூடாது. மண்ணதிர்ச்சி தண்ணீருக்குள் போய்விடும்.

ஆண் ஜிலேபியைக் குழியிலிருந்து எடுப்பதில் அம்மாவுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. “எத்தன புடிச்சாலும் ஏரி கொறையாதுடா கண்ணு” என்பாள். அது சரியான கணக்கு. ஒரு குழி காலியானால் மறுநாளே இன்னொரு ஆண் வந்து பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை குறைந்தால் மிச்சமிருப்பது கொஞ்சம் பெரிதாக வளரும்.

ஆனால் பெண் விஷயம் வேறு. முட்டையிட்டதும் பெண் அதை வாயில் அள்ளிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். முட்டை பொரிவதும் குஞ்சு வளர்வதும் அந்த வாய்க்குள்தான். பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகள் வெளியே வந்து மேயும். ஆபத்து என்றால் மறுபடியும் அம்மா வாய்க்குள் ஓடும். அத்தனை நாளும் பெண் இரையெடுப்பது மிகக் குறைவு. அதனால் தூண்டிலில் அபூர்வமாகத்தான் மாட்டும், செவுள் வலையில்தான் மாட்டும். பிடித்துத் தூக்கும்போது தாடை தொங்கிப் பையாக இருக்கும், உடம்பு மெலிந்திருக்கும். அப்படி ஒன்று வந்தால் அம்மா அதைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கமாட்டாள். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வலைக்கண்ணைப் பிரித்து, தாடையை விரலால் தொடாமல் விடுவாள். “வாயில புள்ளைய வெச்சிருக்கறவளக் கூடையில போட்டா அந்தக் காசு ஒட்டுமா?” ஜிலேபியைக் குறைக்கத்தான் வேண்டும் என்பவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். நான் ஒப்புகிறேன். மெலிந்த மீனுக்கு விலையும் இல்லை, ருசியும் இல்லை. ஒரு வீட்டுக்காரிக்குத் தன் தொழிலில் ஒரு கோடு வேண்டியிருந்தது. அவள் அதை அங்கே போட்டுக்கொண்டாள்.

விரால் வேறு வகை. அது நம் மண்ணின் மீன். உடம்பு தேறுவதற்கென்று வீடு தேடிக் கேட்பார்கள். உயிரோடு வைத்து விற்கலாம் என்பதால் விலையும் அதிகம். தெலங்கானா இதைத் தன் மாநில மீனாக வைத்திருக்கிறது. ஜூன் மாதத்தில் ஹைதராபாத்தில் ஆஸ்துமாவுக்கு மருந்தென்று மீனை விழுங்க வைப்பார்களே, அந்த மீனும் விரால் குஞ்சுதான். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஒரு தனி உறுப்பு இருப்பதால் சேற்றிலும் பிழைக்கும், நாற்றமடிக்கிற தண்ணீரிலும் பிழைக்கும். ஆனால் சிறிது நேரத்துக்கொரு முறை அது மேலே வந்து காற்று வாங்கியே ஆக வேண்டும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

மழை விழுந்து தண்ணீர் ஏறியதும் கோரையும் நீர்ச்செடியும் அடர்ந்த ஓரத்தில் விரால் ஜோடி செடிகளை விலக்கி ஒரு சிறு வெளி உண்டாக்கும். முட்டை எண்ணெய்ப்பசை உள்ளது, மூழ்காது. மஞ்சள் பூத்த படலமாக மேலேயே மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் செக்கச்செவேலென்று இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே கூட்டமாக நகரும்போது, தண்ணீரில் ஒரு கை செம்மண்ணைக் கரைத்துவிட்டதுபோல் தெரியும். அவை மூச்சு வாங்க மேலே வரும்போது அந்த இடம் மட்டும் மழை தூறுவதுபோல் சலசலக்கும். அடியில் பெற்ற மீன் நிற்கும். சில நேரம் இரண்டுமே நிற்கும், பெரும்பாலும் ஆண் நிற்கும்.

எனக்கு இதை முதலில் காட்டிய அன்று அம்மா கழியைக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “சத்தம் போடாம பாரு” என்றாள். ஒரு நீர்க்கோழி பக்கத்தில் நீந்தி வந்தது. குஞ்சுக் கூட்டம் ஒரே நொடியில் கீழே போனது. அடுத்த நொடி தண்ணீர் வெடித்தது, நீர்க்கோழி அலறிக்கொண்டு பறந்தது. பிறகு எல்லாம் அமைதியாகி, செம்மை மெல்ல மேலே வந்தது.

“இப்ப ஒரு தவளையக் கட்டிப் போட்டா என்ன ஆகும் சொல்லு.”

“பிடிச்சிடும்மா.”

“பசிக்குப் பிடிக்காது. புள்ளையக் காப்பாத்தப் பிடிக்கும். அத வெச்சு அத ஏமாத்துறது தொழிலா?” என்றாள். “குஞ்சோட நிக்கறதத் தொடாத. அது ஒண்ண எடுத்தா பின்னால நிக்கற ஆயிரமும் போச்சு.”

பெற்ற மீன் போன ஒரு நாளுக்குள் கெண்டையும் கெளுத்தியும் பெரிய குஞ்சுகளும் சேர்ந்து அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். இதைப் பல ஏரிகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு விராலைப் பிடித்த விலை ஒரு நாளோடு முடிந்தது. அந்த ஏரியில் அடுத்த வருஷம் பிடித்திருக்க வேண்டிய விரால் அத்தனையும் அதோடு முடிந்தது.

எவ்வளவு நாள் விட வேண்டும் என்பதற்குக் குஞ்சின் நிறமே கணக்கு. செக்கச்செவேலென்று இருக்கும்வரை கிட்டே போகக் கூடாது. விரல்நீளம் நெருங்கும்போது சிவப்பு மங்கிப் பழுப்பாகும், கூட்டம் தளரும், ஒவ்வொன்றாகச் செடிக்குள் பிரியும். ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதன் பிறகு பெற்ற மீன் உண்மையாகவே பசியோடு இருக்கும். காவல் நாட்களில் மெலிந்த உடம்பு இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். அப்போது தவளை போட்டாலும் சின்ன மீன் போட்டாலும் நேராக வந்து அடிக்கும். தராசிலும் கூட நிற்கும். பொறுத்தவருக்கு நட்டமே இல்லாத தொழில் இது.

மீன் முட்டையிடும் பருவத்தில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மீன்பிடிக்கப் போவது உலகத்தில் பல இடங்களில் வழக்கம். அமெரிக்காவில் கிராப்பி என்றொரு மீன். வசந்தம் வந்து ஏரித் தண்ணீர் சூடேறியதும் கரையோரம் வரும், ஆண் குழி பறித்துக் குஞ்சு காக்கும். அந்த வாரங்களில் குடும்பம் குடும்பமாகத் தூண்டிலோடு கிளம்புவார்கள். ஆனால் எத்தனை எடுக்கலாம், எந்த அளவுக்குக் கீழே எடுக்கக் கூடாது என்று பல மாகாணங்களில் வரம்பு உண்டு. கேரளத்தில் புதுமழைக்கு எதிரேறி வயலுக்கும் ஓடைக்கும் முட்டையிட வரும் மீனைப் பிடிப்பதை ‘ஊத்தப் பிடித்தம்’ என்பார்கள். அதற்குச் சட்டத் தடை இருக்கிறது. நம் கிழக்குக் கடலிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. எங்கள் ஏரிக்கரையில் அந்த வேலையை அம்மாவின் சொல்தான் செய்தது.

பெல்லந்தூரை நாங்கள் தொண்ணூறுகளில் விட்டுவிட்டோம். பிடித்த மீனில் சாக்கடை வாடை வந்தது. வாங்குபவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு அந்த ஏரியில் நுரை பொங்கியதையும், 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அது தீப்பிடித்து எரிந்ததையும் நாடே பார்த்தது. கெலவரப்பள்ளி அணையில் நுரை மிதக்கும் படத்தைச் செய்தியில் பார்த்த அன்று அம்மா சாப்பிடவில்லை. அவள் ஊர்த் தண்ணீர் அது.

நான் இப்போது ஆனேக்கல் பக்கம் குத்தகை ஏரிகளில் வேலை பார்க்கிறேன். மீன்வளத் துறையிடம் குத்தகை எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவார்கள். வளர்ந்ததும் நாங்கள் வலை போட்டு எடுப்போம். இந்தக் கெண்டைகள் ஏரியில் குஞ்சு பொரிக்காது. வெள்ளம் ஓடும் ஆறுதான் வேண்டும். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இவற்றைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். இன்று நாட்டில் வளர்க்கும் கெண்டைக் குஞ்சுகள் அந்த வழியில் வந்தவைதான். அந்தத் தேதியைத் தேசிய மீன் வளர்ப்போர் தினமாக இன்றும் கொண்டாடுகிறோம். ஆனால் விரால் யாரும் குஞ்சு வாங்கி விடாமல் தானே வந்து தானே பெருகுகிற மீன். அதைக் காப்பாற்ற ஊசி வேண்டாம், பணமும் வேண்டாம். சும்மா விட்டால் போதும்.

சும்மா விடுவதுதான் இப்போது கடினமாகிவிட்டது. மூன்று காரணம் சொல்வேன்.

ஒன்று, முதல் மழை. எந்த மழையைக் கேட்டு மீன் முட்டையிடத் தயாராகிறதோ அதே மழைதான் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில் கோடை முழுவதும் தேங்கிய சாக்கடையை ஒரே இரவில் ஏரிக்குள் தள்ளுகிறது. அழுக்கு அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். விடியற்காலையில் அது மிகக் குறைந்த நிலையில் இருக்கும். கெண்டைகள் மேலே வந்து வாய் பிளந்து தவிக்கும், வெயில் ஏறுவதற்குள் வயிறு மேலாக மிதக்கும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்ததும் ஆக்சிஜன் இல்லாமல்தான். அதற்கு மழைகூட வேண்டியிருக்கவில்லை, கழிவுநீரும் வெயிலுமே போதுமாக இருந்தது. அந்தத் தண்ணீரில் விரால் மட்டும் பிழைத்துக்கொள்ளும். அதனால் பிடிக்க வருகிறவர்களின் கையெல்லாம் அதன்மேல்தான் விழும்.

இரண்டு, கரை. ஏரியைச் சீர்படுத்துகிறோம் என்று தூர்வாரி, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, மேலே நடைபாதை போட்டுவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் முழங்காலளவுத் தண்ணீர் இல்லாத ஏரியில் எந்த மீனாலும் குழி பறிக்க முடியாது. கோரை இல்லாத ஓரத்தில் விரால் முட்டை நிற்காது, காற்றில் கல்லுக்கு ஒதுங்கிக் காய்ந்துபோகும். ஏரியின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது. நடுவில் இருக்கும் ஆழம் தண்ணீரைச் சேர்த்துவைக்க மட்டும்தான்.

மூன்று, நாம். குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப்போய், அதன் நடுவில் ரப்பர் தவளையை விட்டு, விராலைத் தூக்கிக் காட்டுகிற காணொளிகள் கைபேசியில் நிறைய ஓடுகின்றன. செய்கிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். தண்ணீரைக் கவனிக்கும் கண் அவர்களுக்கு இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. குஞ்சைக் கண்டுபிடிப்பது சாதாரணத் திறமை அல்ல. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. சேற்றில் இறங்குவதில்லை. கோடையில் என்னோடு வண்டியில் வந்து கரை மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். வலை எடுக்கும் பையன்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவளுக்கு இந்தி வராது. செம்மை தெரிகிற இடத்தைக் கையால் காட்டி, உள்ளங்கையை வேண்டாம் என்று அசைப்பாள். பையன்கள் வலையை அந்தப் பக்கம் விடாமல் சுற்றிக்கொண்டு போவார்கள். காரணம் கேட்பதில்லை. அவர்கள் ஊரிலும் யாரோ ஒரு அம்மா சொல்லியிருப்பாள்.

அனுமதியோடு தூண்டில் போடுகிறவர்களுக்கும், குத்தகை எடுத்தவர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஜிலேபியைத் தாராளமாக எடுங்கள், ஏரிக்கு நல்லது. கோடை மழை தொடங்கியதிலிருந்து தண்ணீரில் செம்மை தெரியும் இடத்தில் மட்டும் கழியையும் வலையையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். கரையைக் கட்டுகிறவர்கள் ஏரியைச் சுற்றிலும் கல் பதிக்காமல், ஒரு பக்கமாவது சரிவாக, கோரையோடு விட்டுவையுங்கள். பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப்போங்கள். பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அன்றைக்கே எதை விட வேண்டும் என்பதையும் காட்டிவிடுங்கள்.